வேலியோரக் குருந்தை மொத்தமாகப் புழு தின்கிறது: மருந்தடிக்கலாமா, விடலாமா?

பின்கட்டு | அக்டோபர் 19

வணக்கம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம், செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. போன வருடம் ஆடியில் வேலியோரம் இரண்டு குருந்தங்கன்று வைத்தேன். நம் பக்கத்துக் காட்டில் தானாக வளர்கிற மரம், பூ வாசனையாக இருக்கும், குருவிகளும் பட்டாம்பூச்சிகளும் வரும் என்று கேள்விப்பட்டு ஆசையாக வைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் முழங்கால் உயரம்தான். இந்த மாதம் பெய்த மழைக்குத்தான் செம்பு நிறத்தில் புதுத்துளிர் விட்டது.

நேற்றுக் காலை பார்த்தால் ஒரு கன்றில் துளிரே இல்லை. இலையில் குருவி எச்சம் போட்டிருக்கிறது என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன், அது நகர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், இரண்டு கன்றிலும் சேர்த்து 14 புழு. எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகச் சில, பச்சையாகக் கொழுத்தது சில. பச்சையைக் குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கவட்டை மாதிரி ஒன்றை நீட்டியது. அழுகின நாரத்தம்பழ வாடை.

அத்தை வேப்பெண்ணெய் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், "முள்ளுச்செடிய எதுக்கும்மா வெச்ச, ஒரு செம்பருத்தி வெச்சிருக்கலாம்ல" என்கிறார். பட்டாம்பூச்சிக்காகத்தான் வைத்தேன், ஆனால் கன்றே செத்துவிட்டால்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால் | அக்டோபர் 19

தங்கச்சி, முதலில் வேப்பெண்ணெயை எடுத்து உள்ளே வைங்க. உங்கள் குருந்து எதற்காக நிற்கிறதோ அந்த வேலையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மரக்காணம் பக்கம் 12 வருடமாகக் காட்டுமரக் கன்று போடுகிறேன். நீங்கள் சொல்கிற புழு எலுமிச்சை அழகியாக இருக்கலாம், கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம், இரண்டும் பட்டாம்பூச்சிதான். சின்னதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். நல்ல வெயிலில் நிற்கிற கன்று என்றால் எலுமிச்சை அழகி, அரைநிழல் என்றால் கறிவேப்பிலை அழகி வர வாய்ப்பு அதிகம். எச்சம் மாதிரி இருப்பது சின்னப்புழு, பறவை கண்ணுக்குத் தப்ப அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கவட்டை நீட்டி வாடை அடிப்பது எறும்பையும் சிலந்தியையும் விரட்ட. உங்கள் கையைக் கடிக்காது, அரிக்காது.

கன்று சாகுமா என்றால், வேர் பிடித்த கன்று சாகாது. ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டி நிற்கிறது என்றால் உள்ளே வேர் நன்றாக இறங்கியிருக்கும். குருந்து மேலே வளர்வதற்கு முன்னால் கீழே வளர்கிற மரம். ஆனால் முழங்கால் உயரக் கன்றுக்கு 14 அதிகம்தான். தீனி பாதியில் தீர்ந்தால் புழு செத்துப் போகும். அதனால் ஏழெட்டைக் கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றுங்கள். எல்லாம் ஒரே குடும்பம், பெரும்பாலும் தின்றுகொள்ளும். கையால் பிய்க்காதீர்கள், கால் கிழியும். இலையோடு கத்தரித்து அந்தச் செடியின் இளந்துளிர் மேல் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். அசையாமல் விறைத்து உட்கார்ந்திருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அதை ஒருநாள் தொடாதீர்கள்.

எலுமிச்சைத்தோப்பு | அக்டோபர் 20

மன்னிக்கணும், நான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. புளியங்குடிப் பக்கம் மூன்று ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். இந்தப் புழு எங்களுக்கு அழகி இல்லை. ஒரு வயசுக் கன்றில் ஐந்து புழு ஏறினால் நாலு நாளில் குச்சிதான் மிஞ்சும். நடவு செய்த முதல் இரண்டு வருடம் தினமும் காலையில் கையால் பொறுக்குகிறோம், கூலி கொடுத்து. நீங்கள் பாட்டுக்கு எல்லாரும் வேலியில் குருந்து வையுங்கள், அழகி வரட்டும் என்றால் பக்கத்துத் தோட்டக்காரன் கதி என்ன? ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை, எங்களுக்கு அது சோறு.

நாற்றங்கால் | அக்டோபர் 20

ஐயா சொல்வது உண்மை, அதை மழுப்ப மாட்டேன். என் நாற்றங்காலிலேயே எலுமிச்சை நாற்றுக்குக் கொசுவலை போட்டுத்தான் வளர்க்கிறேன். குருந்து ஒரு பக்கம் திறந்து கிடக்கும், எலுமிச்சை ஒரு பக்கம் வலைக்குள் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் யோசித்துப் பாருங்கள். குருந்தை வெட்டினாலும் அந்தப் பட்டாம்பூச்சி உங்கள் தோப்புக்கு வரத்தான் செய்யும், மூன்று ஏக்கர் தீனியின் வாசனை அதை விடாது. உங்கள் வளர்ந்த மரத்துக்கு இதனால் சேதம் இல்லை, ஆபத்தெல்லாம் கன்றுப் பருவத்தில்தான். அந்த இரண்டு வருடம் வலையோ கைப்பொறுக்கலோ தேவைதான். அதே சமயம், வேலியில் முட்புதர் இருந்தால் அதில் கதிர்க்குருவி, தையல்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் அடையும். குஞ்சு பொரித்த நாளில் அவை கொண்டுபோவது பழம் இல்லை, புழுதான். பொறுக்குகிற புழுவைக் கொல்லாமல் வேலிக் குருந்தில் விட்டுப் பாருங்கள்.

எலுமிச்சைத்தோப்பு | அக்டோபர் 20

பொறுக்குகிற புழுவைத் தண்ணி வாளியில் போடுவதுதான் எங்கள் வழக்கம். வேலியில் விடலாம் என்பது இதுவரை தோன்றவில்லை. தோப்பை விட்டுத் தள்ளி, கிணற்று மேட்டுப் பக்கம் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம். வாக்குக் கொடுக்கவில்லை, யோசிக்கிறேன்.

மாடிச்செடி | அக்டோபர் 21

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் மொட்டைமாடியில் உன்னிச்செடி, இட்லிப்பூ, தங்க அரளி வைத்திருக்கிறேன். பட்டாம்பூச்சி வந்துகொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சாண் வளர்கிற முள்மரத்தை வைத்துக் காத்திருக்க வேண்டுமா?

கடலோரக்காடு | அக்டோபர் 21

உங்கள் மாடிக்கு அவை விருந்துக்கு வருகின்றன. பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும். வளர்ந்த பட்டாம்பூச்சி பல பூக்களிலும் தேன் குடிக்கும். புழு அப்படி இல்லை, அதற்கென்று விதித்த இலை வேண்டும். உன்னிச்செடி இலையில் அழகிகள் முட்டை வைக்காது. ஊர் முழுக்கத் தேன்பூவாக வைத்துவிட்டு முட்டை வைக்கிற செடியை எல்லாம் வெட்டிவிட்டால், அடுத்த வருடம் தேன் குடிக்க யார் வருவார்கள்?

உன்னிச்செடி வேறு, வெளியிலிருந்து அலங்காரத்துக்குக் கொண்டுவந்தது. முதுமலைக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், மானுக்குப் புல் முளைக்க இடமில்லாமல் மூடிக் கிடக்கிறது. பழத்தைக் குருவி தின்று விதையை எங்கும் போடும். மாடியில் இருந்தாலும் அதே கதைதான். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

குருந்து நம் கடற்கரைக்குச் சொந்தக்காரன். கோடியக்கரை முதல் மேலே ஆந்திரக் கரை வரைக்கும் ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. வீரை, காசான், உலக்கைப்பாலை, காரை, அதோடு குருந்து. உயரம் இல்லாத, நெருக்கமான, கோடையிலும் இலை கொட்டாத காடு. இன்றைக்கு அது திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பிழைத்துக் கிடக்கிறது. சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், கிண்டி தேசியப் பூங்காவிலேயே குருந்து நிற்கிறது.

கன்று வாங்கும்போது அடையாளம் பார்த்து வாங்குங்கள், எலுமிச்சை வகையில் எதையோ கொடுத்துக் குருந்து என்று சொல்லிவிடுகிறார்கள். இலை நுனியைப் பாருங்கள், நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். எலுமிச்சைக்கு இலைக்காம்பில் சிறகு மாதிரி ஓரம் இருக்கும், குருந்துக்கு இருக்காது. கசக்கினால் எலுமிச்சை வாசம். இலைக்கணுவில் முள். காய் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிதாக, குட்டி எலுமிச்சை மாதிரியே இருக்கும்.

அறந்தாங்கி | அக்டோபர் 22

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆவுடையார்கோயில். அங்கே தலமரமே குருந்துதான். மாணிக்கவாசகருக்குச் சிவன் குருவாக வந்து உபதேசம் செய்தது குருந்தமர நிழலில். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு ஆலமரம் மாதிரிப் பெரிய மரம் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது ஒரு ஆள் உட்கார்ந்தால் தலையில் கிளை இடிக்கிற மரம். அதற்குப் பிறகுதான் அந்தக் கதை எனக்கு நெருக்கமானது. எங்கள் பாட்டி குருந்தங்காயை உப்பில் போட்டு ஊறுகாயும் வைப்பார், முட்டிவலிக்குக் குருந்தெண்ணெயும் தேய்ப்பார்.

வன்னிவேலி | அக்டோபர் 22

எங்கட பக்கம், வவுனியாவில, இதின்ர சொந்தக்காரன் ஒண்டு கிடக்கு, பேய்க்குருந்து எண்டு சொல்லுவினம். பத்தைக்காட்டுக்குள்ள நிறைய நிக்கும். சிங்களத்தில யக்கினாரன், அந்த இலையைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவை. பேய் எண்ட பேர் இருக்கிறதால வீட்டுவளவில வைக்க விருப்பமில்லாத ஆக்கள் இருக்கினம். நான் வேலிக்கு வைச்சிருக்கிறன். நீலக்கறுப்பு நிறத்தில பெரிய வண்ணத்துப்பூச்சி ஒண்டு வரும், உள்ளங்கையளவு. அது என்ன இனம்?

கடலோரக்காடு | அக்டோபர் 22

புளூ மார்மன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. மகாராஷ்டிரம் 2015இல் இதைத்தான் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. (நம் மாநிலத்துக்கு 2019இல் தமிழ் மறவன்.) குருந்து இனங்கள் அதற்கு மிகவும் பிடித்த தீனி. பறந்து போகும்போது சின்ன வௌவால் போகிற மாதிரி நிழல் விழும். உங்கள் வளவுக்கு அது வருகிறது என்றால் வேலியை அப்படியே காப்பாற்றுங்கள்.

பின்கட்டு | அக்டோபர் 25

எல்லாருக்கும் நன்றி. மருந்து அடிக்கவில்லை. ஆனால் ஒரு கஷ்டமான செய்தி.

நாற்றங்கால் அண்ணன் சொன்னபடி எட்டுப் புழுவை மாற்றினேன். நாலைப் பழைய கறிவேப்பிலை மரத்தில் விட்டேன், நாலைப் போன வாரம் வாங்கிய எலுமிச்சைத் தொட்டியில் விட்டேன். கறிவேப்பிலையில் விட்டது நன்றாகத் தின்கிறது. எலுமிச்சையில் விட்ட நாலும் மறுநாள் காலையில் பச்சையாகக் கக்கி, பிடிவிட்டு, இலையில் பின்காலால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் நாலும் போய்விட்டன. நான் என்ன தப்பு செய்தேன்? இலையோடு கத்தரித்துத்தான் வைத்தேன்.

மாடிச்செடி | அக்டோபர் 25

அக்கா, இது எனக்கும் நடந்தது. உங்கள் தப்பு இல்லை. எலுமிச்சைக் கன்றில் இலைக்குள்ளே வெள்ளிக்கோடு போடுகிற சுரங்கப்புழு வரும். அதற்காக நாற்றுக்காரர்கள் பலர் வேர் வழியாக உறிஞ்சிக்கொள்கிற மருந்தை ஊற்றுகிறார்கள், இமிடாகுளோபிரிட் மாதிரி. அது இலைமேல் இருக்காது, சாற்றுக்குள்ளேயே ஓடும். கழுவினாலும் போகாது. பூத்தால் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். நான் இப்போது புதிதாக வாங்கிய எந்தச் செடியிலும் புழு விடுவதில்லை. முதலில் இருந்த இலை எல்லாம் உதிர்ந்து, புதிதாக இரண்டு மூன்று தடவை துளிர்த்த பிறகுதான்.

(உன்னிச்செடியைப் பிடுங்கிவிட்டேன். அந்தத் தொட்டிக்குக் குருந்து விதை யாராவது தர முடியுமா?)

நாற்றங்கால் | அக்டோபர் 26

தங்கச்சி, பிழை என்னுடையது. புதுச்செடியில் விடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் இதையே செய்துகொண்டு அதைச் சொல்ல விட்டது மனசைப் போட்டு அறுக்கிறது.

வேப்பெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கை மருந்துதானே, என்ன செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புழுவின் பசியை அடைக்கும், தோல் உரிக்க விடாது. கத்தரிச் செடியில் நமக்கு வேண்டியது அதுதான், குருந்தில் வேண்டாதது அதுதான். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விதை கேட்ட தம்பிக்கு: குருந்து விதையைக் காயப்போட்டால் முளைக்காது. நெல் மாதிரி மூட்டையில் வைத்துப் பிறகு விதைக்கிற சங்கதி இல்லை. பழுத்து விழுந்ததை எடுத்து, சதையைக் கழுவி, அன்றைக்கோ மறுநாளோ மண்ணில் போட வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு சமபங்கு. விரல் கணு ஆழம் போதும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஒரு மாதம் ஆனாலும் பொறுங்கள், முளைக்கவில்லை என்று கிளறிவிடாதீர்கள். பதியம், குச்சி எல்லாம் நான் முயன்று தோற்றவை. உயரமான பையில் போடுங்கள், ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிட்டால் அந்தக் கன்று ஆயுசுக்கும் தேறாது. தொட்டியில் வளர்க்க ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும்.

பின்கட்டு | நவம்பர் 16

குருந்துக் கன்றில் மிஞ்சிய ஆறில் இரண்டைக் குளவி தூக்கிப்போனதை நானே பார்த்தேன். இரண்டு காணாமல் போய்விட்டன. இரண்டு கூட்டுப்புழு ஆயின, ஒன்று தண்டிலேயே, ஒன்று சுற்றுச்சுவரில். தண்டில் இருந்தது பச்சை, சுவரில் இருந்தது பழுப்பு. இடுப்பில் கயிறு கட்டித் தென்னைமரம் ஏறுபவர் மாதிரி, ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து நிற்கின்றன.

சுவரில் இருந்தது பத்து நாளுக்கு மேலாகியும் திறக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தால் முதுகில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை, அதிலிருந்து கொசுவை விடச் சின்னதாக, பச்சை மினுமினுப்போடு பூச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

தண்டில் இருந்தது இன்று காலை ஆறேகாலுக்கு வெடித்தது. ஈரத்துணி மாதிரி கசங்கிய இறக்கையோடு வெளியே வந்து, தலைகீழாகத் தொங்கி, அரைமணி நேரத்தில் விரித்துக்கொண்டது. கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளி. அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார். ஆனால் படத்தோடு ஒப்பிட்டால் இது ரோஜா அழகி மாதிரி இருக்கிறது! ரோஜா அழகி குருந்திலும் முட்டை வைக்குமா?

கடலோரக்காடு | நவம்பர் 16

வைக்காது. அதன் புழு ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக்கொடியும்தான் தின்னும். அந்தச் செடியின் நஞ்சு உடம்பில் ஏறியிருப்பதால் ரோஜா அழகியைப் பறவை தின்னாது. உங்கள் வீட்டில் பிறந்தது கறிவேப்பிலை அழகியின் பெண். நஞ்சில்லாதது, ஆனால் நஞ்சுள்ளதைப் போல உடுத்திக்கொண்டு பிழைக்கிறது. ஆண் எல்லாம் ஒரே சாயல்தான். பெண்ணில் மட்டும் ஒன்று ஆணைப் போல, ஒன்று ரோஜா அழகியைப் போல, ஒன்று சிவப்புடல் அழகியைப் போல என்று வகைகள் உண்டு. உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பு சிவப்பு. கறிவேப்பிலை அழகி என்ன வேஷம் போட்டாலும் உடம்பு கறுப்பு.

பின்கட்டு | நவம்பர் 16

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத்தான்.

நாற்றங்கால் | நவம்பர் 17

சுவரில் இருந்ததற்காக மனசு சங்கடப்படாதீர்கள். அது ஒட்டுண்ணிக் குளவி, கூட்டுப்புழுவின் தோல் கெட்டியாகும் முன் வந்து முட்டை வைத்துவிடும். உங்கள் 14இல் ஒன்று பறந்தது. கறிவேப்பிலையிலும் இரண்டொன்று தப்பியிருக்கலாம். எலுமிச்சைத் தொட்டியில் விட்ட நாலை விட்டால், மீதி குளவிக்கும் குருவிக்கும் போயிருக்கும். காட்டில் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்துக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரம் வைத்தது அழகிக்கு மட்டுமா?

கன்றுக்கு இப்போது உரம் எதுவும் வேண்டாம். சருகை அடியில் மூடாக்காகப் போடுங்கள். வரும் கோடை வரை வாரம் இரண்டு குடம் தண்ணீர். அதற்கடுத்த கோடையிலிருந்து அதுவே பார்த்துக்கொள்ளும். நடமாடும் பக்கத்து முட்கிளையை மட்டும் வெட்டுங்கள், வெட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

எலுமிச்சைத்தோப்பு | ஜனவரி 8

கிணற்று மேட்டில் நாலு குருந்து வைத்திருக்கிறேன். கன்றுக்கு அலைந்ததுதான் பெரிய பாடு, காட்டுமரம் என்றால் எந்த நர்சரியிலும் இல்லை என்கிறார்கள். பொறுக்குகிற பெண்களிடம் புழுவை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தோப்பில் புழு குறைந்ததா என்று கேட்காதீர்கள், அதைச் சொல்ல இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.

பின்கட்டு | ஆகஸ்ட் 30

நீண்ட நாளாக எழுதவில்லை. அன்றைக்கு மொட்டையான கன்று கார்த்திகையிலேயே துளிர்த்துவிட்டது, இப்போது மற்றக் கன்றை விட அதுதான் உயரம். இடுப்புக்கு வருகிறது. இன்னும் பூக்கவில்லை.

போன வாரம் இரண்டு நாள் இடிமழை. இன்று காலை காபி போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை பின்கட்டிலிருந்து கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு துளிரைப் பிடித்துக் காட்டினார். குண்டூசித் தலை அளவு, வெளிர் மஞ்சளில் ஒரே ஒரு முட்டை. "வெச்சிட்டு இப்பதான் போச்சு. தண்ணி ஊத்தறப்ப மேல படாம ஊத்து" என்றார். அவருடைய ஊரில், திருக்கழுக்குன்றம் பக்கம், தம்பி வீட்டு வேலிக்கும் இரண்டு கன்று வேண்டுமாம். எப்போது நடலாம்?

நாற்றங்கால் | ஆகஸ்ட் 30

இப்போதே குழி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். புரட்டாசியில் மழை ஒருமுறை நன்றாக நனைத்த பிறகு நடலாம். என்னிடம் கன்று ஆறு மிச்சம் இருக்கிறது. இரண்டை அத்தைக்கென்று எடுத்து வைக்கிறேன். மருந்து எதுவும் படாதது.